ஆப்பிரிக்க கிராமங்கள்ல நிலம் யார் பேர்ல? பொண்ணுங்க நிலவுரிமை பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். ஆப்பிரிக்கான்னா 54 நாடு, ஒவ்வொரு நாட்டுக்குள்ளயும் ஊருக்கு ஒரு வழக்கம், அதனால "ஆப்பிரிக்கப் பெண்கள் நிலைமை இதுதான்"னு யாராவது ஒரே வரில முடிச்சா எனக்கு சந்தேகம் வந்துடும். இங்க நான் முக்கால்வாசி தான்சானியாவ வெச்சுத்தான் பேசப்போறேன், அதுலயும் வடக்குப் பக்கம் மாடு மேய்ச்சுப் பொழைக்கிற மாசாய் மக்களோட ஊர்கள். நடுவுல எத்தியோப்பியா, ருவாண்டா, மலாவின்னு கொஞ்சம் எட்டிப் பாத்துட்டு வரலாம்.

"உலக நிலத்துல 2% கூட பெண்கள் பேர்ல இல்ல, ஆப்பிரிக்காவுல 80% சாப்பாட்ட அவங்கதான் விளைவிக்கிறாங்க"ன்னு வருதே, நிஜமா?

இந்த ரெண்டு நம்பரும் வாட்ஸ்அப் ஃபார்வேர்டு மாதிரி சுத்திக்கிட்டே இருக்கு, பெரிய பெரிய அறிக்கைலகூட வந்திருக்கு, ஆனா தோண்டிப் பாத்தவங்க அடில ஒண்ணுமே இல்லன்னு எழுதிட்டாங்க. உலக வங்கி ஆட்கள் 6 நாட்டுல வீடு வீடா எடுத்த கணக்க வெச்சுப் பாத்தா பயிர் வேலைல பெண்களோட உழைப்பு சராசரியா 40% பக்கம்தான் வருது. தான்சானியா, உகாண்டா, மலாவில பாதிக்குக் கொஞ்சம் மேல, நைஜீரியாவுல 37%, எத்தியோப்பியாவுல 29%, நைஜர்ல 24%. தண்ணி தூக்குறது, விறகு பொறுக்குறது, சமைக்கிறது, புள்ள பாக்குறது எதுவும் இந்தக் கணக்குல கிடையாது, அதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

நிலத்துக்கு வந்தா, ஐநா உணவு வேளாண் அமைப்பு 2011ல போட்ட கணக்குல சஹாராவுக்குத் தெக்க பண்ணைய பொறுப்பெடுத்து நடத்துறவங்கள்ல பெண்கள் 15% கிட்ட. மாலில 5%க்கும் கீழ, போட்ஸ்வானா, மலாவி, கேப் வெர்டேல 30%க்கும் மேல. நடத்துறதுன்னா சொந்தம்னு அர்த்தம் இல்ல, ரெண்டையும் குழப்பிக்க வேணாம். நிஜ நம்பரே வயித்தெரிச்சலாத்தான் இருக்கு, அப்புறம் எதுக்கு பொய் நம்பர்னு தெரியல எனக்கு.

தான்சானியாவுல நிலம் யாருக்குத்தான் சொந்தம்?

சட்டப்படி பாத்தா யாருக்கும் இல்ல. நாட்டு நிலம் மொத்தமும் பொது நிலம், ஜனாதிபதி அதுக்கு டிரஸ்டி, நம்ம கைல இருக்கறது அனுபவிக்கிற உரிமை மட்டும்தான். 1999ல வந்த நிலச் சட்டமும் கிராம நிலச் சட்டமும் நிலத்த மூணா பிரிச்சுது. ஒண்ணு மத்த ரெண்டுலயும் சேராத "ஜெனரல்" வகை, ஒண்ணு காடு, வனவிலங்குப் பூங்கா மாதிரி ஒதுக்கி வெச்சது, இன்னொண்ணு கிராம நிலம். இதுல கிராம நிலம்தான் ரொம்பப் பெருசு. அத யாருக்கு எவ்வளவுன்னு பிரிச்சுக் குடுக்கறது கிராம கவுன்சில், அதுக்கு ஒப்புதல் சொல்ல வேண்டியது 18 வயசு தாண்டின எல்லாரும் உக்கார்ற ஊர்க்கூட்டம்.

அப்படி குடுத்ததுக்கு ஒரு சர்டிபிகேட் உண்டு, வழக்கப்படியான அனுபவ உரிமைச் சான்று, எல்லாரும் சிசிஆர்ஓன்னுதான் சொல்லுவாங்க. நம்ம ஊர்ப் பட்டா மாதிரின்னு வெச்சுக்கோங்க, கிட்டத்தட்ட. ஒருத்தர் பேர்லயும் வாங்கலாம், புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் பேர்லயும் வாங்கலாம், ஒரு கூட்டமா சேர்ந்தும் வாங்கலாம். ஆனா அதுக்கு முன்னாடி அந்த கிராமத்துக்கே எல்லை அளந்து கிராமச் சான்று இருக்கணும், அது இல்லாத ஊர்ல தனி ஆளு அலைஞ்சு பிரயோஜனம் இல்ல.

சட்டம் பொண்ணுங்களுக்கு எதிரா இருக்கா?

இல்லவே இல்ல, அதான் வேடிக்கை. ஒரு ஆம்பள நிலத்த வாங்கவும் வெச்சுக்கவும் விக்கவும் என்ன உரிமையோ அதே அளவு உரிமை பொண்ணுக்கும் உண்டுன்னு 1999 சட்டம் ஆரம்பத்துலயே சொல்லுது. பழைய வழக்கம்னு சொல்லி பொண்ணுக்கு நிலம் மறுத்தா அந்த வழக்கமே செல்லாதுன்னும் இருக்கு. ஒருத்தன் தன் நிலத்த வேற ஆளுக்கு மாத்தி விடுறான், அதனால அந்த வீட்டுப் பொம்பளையோட அனுபவ உரிமை போகும்னு தெரிஞ்சா கிராம கவுன்சில் முடியாதுன்னு சொல்லலாம். இத விட என்ன எழுதணும்?

ஆனா இன்னொரு பக்கம் 1963ல எழுதி வெச்ச வழக்கச் சட்ட ஆணைன்னு ஒண்ணு இருக்கு. சுதந்திரம் வந்த கையோட, தந்தைவழிச் சமூகங்களோட வழக்கத்தை எல்லாம் கேட்டு எழுதி ஒரே மாதிரி ஆக்குனாங்க. அதுல வாரிசு வரிசை இப்படிப் போகுது: முதல் தரம் மூத்த மகன், ரெண்டாம் தரம் மத்த மகன்கள், மூணாம் தரம் மகள்கள். விதவைக்கு? புருஷனோட பங்காளிங்க இருந்தா பங்கே கிடையாது, அவளப் பாத்துக்க வேண்டியது அவ பிள்ளைங்க, அவ்வளவுதான். ஆக ஒரே நாட்டுல ரெண்டு எழுத்து. எந்த எழுத்த யார் எடுத்துப் படிக்கிறாங்கங்கறதுதான் கேஸே.

அந்த ஹொலாரியா பாஸ்டோரி கேஸ் என்ன?

இத கொஞ்சம் நிதானமாச் சொல்லணும், எனக்கு ரொம்பப் பிடிச்ச கேஸ்.

விக்டோரியா ஏரிக்கு மேற்குல முலேபா மாவட்டம், ஹயா மக்கள் ஊரு. ஹொலாரியாவுக்கு அப்பா உயில் எழுதி குலத்து நிலத்த விட்டுட்டுப் போனாரு. வயசாயிடுச்சு, பாத்துக்க ஆளில்ல, 1988 ஆகஸ்ட்ல அந்த நிலத்த 300,000 ஷில்லிங்குக்கு வித்துட்டாங்க, அதுவும் குலத்துல இல்லாத வெளி ஆளுக்கு. உடனே பங்காளி முறைல பெர்னார்டோ எஃப்ராஹிம்னு ஒருத்தர் கெளம்பி வந்து கேஸ் போட்டாரு. பொம்பளைக்கு குலச் சொத்த வாழ்ற வரைக்கும் அனுபவிக்கத்தான் உரிமை, விக்க உரிமை கிடையாது, இது ஹயா வழக்கம், 1963 ஆணைலயும் இருக்குன்னு வாதம். கீழ் கோர்ட்டு ஆமாம்னு சொல்லிடுச்சு, வித்தது செல்லாது, வாங்குன காசத் திருப்பிக் குடுன்னு. மாவட்டக் கோர்ட்டு அத மாத்திச்சு. அவரு விடல, ம்வான்ஸா ஹைகோர்ட்டுக்குப் போனாரு.

1990ல நீதிபதி ம்வாலுசான்யா தீர்ப்பு குடுத்தாரு. அரசியல் சாசனத்துல 1984லதான் அடிப்படை உரிமைகள் சேர்ந்துச்சு, பாகுபாடு கூடாதுன்னு அதுல இருக்கு, அதுக்கு முன்னாடி வந்த பழைய விதிய இனிமே அதோட ஒத்துப்போற மாதிரிதான் படிக்கணும்னாரு. ஆனா அவரு வழக்கத்த தூக்கிக் குப்பைல போடல பாருங்க, அங்கதான் அழகு. குலத்து ஆம்பள ஒருத்தன் கேக்காம வித்தா பங்காளிங்க அந்த விலையக் குடுத்து நிலத்த மீட்டுக்கலாம்னு வழக்கத்துலயே இருக்கு இல்லையா, அதே விதி இனிமே பொம்பளைக்கும்னு சொல்லிட்டாரு. நிலம் அவ்வளவு முக்கியம்னா எஃப்ராஹிம் 6 மாசத்துக்குள்ள 300,000 ஷில்லிங்க எடுத்து வெச்சு வாங்கிக்கட்டும், இல்லன்னா வாங்குனவருக்கே சொந்தம். குலப் பாசம் எவ்வளவு இருக்குன்னு பர்ஸ்ல கை விட்டுக் காட்டச் சொன்ன மாதிரி.

அப்போ அதுக்கப்புறம் எல்லா பொண்ணுங்களும் கேஸ் போட்டு ஜெயிச்சாங்களா?

எங்க. ஷின்யாங்கா பக்கம் ரெண்டு இளம் விதவைங்க, சின்னச் சின்னப் பசங்க, புருஷன் செத்ததும் மாமியார் வீட்டுக்காரங்க வீட்டை விட்டுத் துரத்திட்டாங்க. அவங்க ஹைகோர்ட்டுக்குப் போனப்போ 2006ல நீதிபதி, இந்த வழக்கம் பாகுபாடுதான்னு ஒத்துக்கிட்டே, ஆனா கோர்ட்டு தீர்ப்பால வழக்கத்த மாத்த முடியாது, ஆரம்பிச்சா எங்க போய் நிக்கும்னு தெரியாதுங்கற தொனில கைய விரிச்சுட்டாரு. அப்பீல் கோர்ட்டு 4 வருஷம் வெச்சிருந்து 2010ல ஏதோ ஆவணக் குறைபாடுன்னு டெக்னிக்கலா தள்ளுபடி. கடைசில ஐநாவோட பெண்கள் பாகுபாடு ஒழிப்புக் குழுவுக்குப் போயி 2015ல அவங்க பக்கம் தீர்ப்பாச்சு, இந்த வழக்கச் சட்டத்த மாத்துங்கன்னு தான்சானியாகிட்ட சொன்னாங்க. வீட்ட விட்டுத் துரத்தி பதினஞ்சு வருஷம் ஆயிடுச்சு அப்போ. பசங்க வளந்தே போயிருக்கும்.

மாசாய் வீட்டுல பொம்பளைக்கு என்னதான் உரிமை?

வீட்டக் கட்டுறதே அவதான். குச்சிய வளைச்சு நட்டு, மண்ணும் சாணியும் குழைச்சுப் பூசி, ஒழுகுனா மறுபடி அவதான் ஏறிப் பூசணும். ஒவ்வொரு பொண்டாட்டிக்கும் தனித்தனி வீடு, எல்லாத்தையும் சுத்தி ஒரு முள்வேலி, நடுவுல மாட்டுத் தொழுவம். கல்யாணமானதும் அவளுக்குன்னு கொஞ்சம் மாடு ஒதுக்குவாங்க, கறக்குறது அவ உரிமை, பால யாருக்கு எவ்வளவுன்னு முடிவு பண்றதும் அவதான். ஆனா அந்த மாட்ட விக்க முடியாது, அது அவ பெத்த மகனுக்குப் போக வேண்டியது, இவ வெறும் காவல். மகன் இல்லாட்டி சிக்கல்தான். வீடு நிக்கிற எடம், மேய்ச்சல் நிலம், புதுசா மக்காச்சோளம் போட ஒதுக்குற துண்டு இதெல்லாம் ஆம்பளைங்க உக்காந்து பேசுறது.

நடுவுல ஒரு வேலிக்கதை. அங்க வீட்டச் சுத்தி உயிர்வேலியா நடுற ஒரு கள்ளிக்கு மாசாய் மொழில எமன்யாரான்னு பேரு, பக்கத்துல இருக்கற மன்யாரா ஏரிக்கே அதுலேந்துதான் பேரு வந்துச்சும்பாங்க. அது வேற ஒண்ணும் இல்லங்க, நம்ம திருகுகள்ளிதான்! அதோட தாவரவியல் பேர்லயே "திருக்கள்ளி"ன்னு மலபார்ப் பக்கத்துச் சொல்லு ஒட்டிக்கிட்டு இருக்கு, செடிகளுக்கு அறிவியல் பேரு வெச்ச லின்னேயஸ் 1753ல வெச்சது. பூர்வீகம் ஆப்பிரிக்கா, பேரு நம்ம பக்கம். சரி, விஷயத்துக்கு வருவோம்.

கிராம கவுன்சில்ல பெண்களுக்கு எடம் உண்டுங்கறாங்களே, அப்புறம் என்ன பிரச்சன?

உண்டு. கவுன்சில்ல 15லேந்து 25 பேர் வரைக்கும் இருப்பாங்க, அதுல கால்வாசி பெண்களா இருக்கணும்னு சட்டம். பேரும் எழுதிடுவாங்க. ஆனா மரத்தடில கூட்டம் நடக்குறப்ப பாத்தீங்கன்னா பெரியவங்க எல்லாம் ஸ்டூலப் போட்டு முன்னாடி, பொம்பளைங்க பின்னாடி தரைல. எழுந்து பேசுறதுன்னா மாமனார் முன்னாடி, கொழுந்தன் முன்னாடி, புருஷனோட வயசுக்காரங்க முன்னாடி பேசணும். ஒருத்தி தனியா எழுந்தா அவ புருஷனக் கேலி பண்ணியே உக்கார வெச்சிடலாம். இன்னொண்ணு, கூட்டம் பாதி ஸ்வாஹிலில போகும், பள்ளிக்கூடம் பக்கம் போகாத பெரிய பொம்பளைங்களுக்கு மாசாய் மட்டும்தான் வரும்.

இங்கதான் பெண்கள் தலைமை மன்றம்னு ஒரு யோசனை வருது. வடக்கு தான்சானியாவோட லோலியோண்டோ பகுதில மாண்டா ங்கோயிதிகோ உள்பட மாசாய் பெண்கள் சேர்ந்து 1997ல பாஸ்டரல் விமன்ஸ் கவுன்சில்னு ஆரம்பிச்சாங்க, அவங்களும் உஜாமா கம்யூனிட்டி ரிசோர்ஸ் டீம்ங்கற அமைப்பும் ஊருக்கு ஊரு இந்த மன்றங்கள உருவாக்குனாங்க. விஷயம் ரொம்ப சிம்பிள். ஊர்ப் பொம்பளைங்களே தங்களுக்குள்ள தலைவிகளத் தேர்ந்தெடுக்கறாங்க, சட்டம் என்ன சொல்லுதுன்னு அவங்க மொழில உக்காந்து கத்துக்கறாங்க, அடுத்த ஊர்க்கூட்டத்துக்கு கூட்டமா போறாங்க. புருஷன் செத்த ஒருத்திக்கு கொழுந்தன் வேலிய நகத்திட்டான்னா அவ தனியாப் போய் முறையிட மாட்டா, இவங்க இருபது பேரு சேர்ந்து போய் நிப்பாங்க. கேலி பண்றவன் இருபது வீட்டுப் புருஷனையும் சேத்துல்ல கேலி பண்ணணும்.

கூடவே விகோபான்னு சேமிப்புக் குழு, நம்ம மகளிர் குழு மாதிரியே. கைல நாலு காசு வந்து, ரெண்டு ஆடு தன் காசுல வாங்குனவ பேச்சு கூட்டத்துல வேற மாதிரி இருக்கும், இது எந்த நாட்டுலயும் அப்படித்தான்.

எனக்குப் பட்டதச் சொல்றேன், சர்டிபிகேட்ட விட இந்தக் கூட்டத்துக்குப் போற பழக்கம்தான் பெரிய விஷயம். காகிதம் பெட்டில இருக்கும், ஆனா அளக்குற அன்னைக்கு எல்லைல நின்னு "இதுவரைக்கும் என்னோடது"ன்னு சொல்ல ஒரு வாய் வேணும்.

ஆம்பளைங்க எல்லாம் எதிர்ப்புத்தானா?

இல்ல. மரபுத் தலைவர்கள, ஒலாய்குவனானின்னு சொல்லுவாங்க, அவங்களயும் கூப்ட்டு உக்கார வெச்சுத்தான் பல மன்றங்கள் ஓடுது, அவரு ஒரு வார்த்த சொன்னா ஊரு கேக்கும். எதிர்ப்பு பெரும்பாலும் எங்கேந்து வருதுன்னா நிலத்துமேல நேரடியாக் கண்ணு வெச்சிருக்கற நெருங்கின சொந்தம்தான், கொழுந்தன், மூத்தாரு, சில சமயம் பெத்த மகனே.

சர்டிபிகேட்ல பொண்டாட்டி பேரையும் சேத்துட்டா போதாதா?

ரொம்ப உதவும். எத்தியோப்பியால அம்ஹாரா மாநிலத்துல 2003 வாக்குல ஆரம்பிச்ச நிலச் சான்றுல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் பேரும் மட்டுமில்ல, ரெண்டு பேர் போட்டோவும் ஒட்டுனாங்க. எழுதப் படிக்கத் தெரியாத ஊர்ல பேர எவன் வேணா மாத்திச் சொல்லலாம், மூஞ்ச மாத்த முடியாதுல்ல. சின்ன விஷயம், ஆனா யோசிச்சவருக்கு ஒரு கும்பிடு.

ருவாண்டா கதை வேற. 1994 இனப்படுகொலைக்கப்புறம் எங்க பாத்தாலும் விதவைங்க, அப்பா இல்லாத பொண்ணுங்க, நிலம் எல்லாம் செத்துப்போன ஆம்பளைங்க பேர்ல. 1999ல மகனுக்கும் மகளுக்கும் சமபங்குன்னு சட்டம் போட்டாங்க. அப்புறம் 2009லேந்து 2013க்குள்ள நாடு மொத்தத்தையும் துண்டு துண்டா அளந்து ஒரு கோடிக்கு மேல துண்டுகளப் பதிவு பண்ணி முடிச்சாங்க. ஓட்டை எங்கன்னா, பொண்டாட்டிக்கான பாதுகாப்பு சட்டப்படி பதிவுக் கல்யாணம் பண்ணவங்களுக்குத்தான். சர்ச்லயோ வழக்கப்படியோ கட்டிக்கிட்டு இருபது வருஷம் குடும்பம் நடத்துனவ, ரெண்டாந்தாரமா இருக்கறவ, வெளில.

தான்சானியாவுக்கே திரும்பி வந்தா, 1983லயே ஹவா முகமதுங்கற அம்மா கேஸ்ல அப்பீல் கோர்ட்டு, வீட்டு வேலையும் சொத்து சேர்றதுக்கு ஒரு பங்களிப்புதான்னு சொல்லிடுச்சு, விவாகரத்துல பங்கு கேக்குறவங்க இன்னைக்கும் இதத்தான் காட்டுறாங்க.

தாய்வழிச் சமூகத்துல இந்தப் பிரச்சன இருக்காதே?

மலாவில தெற்கு, மத்தியப் பக்கம் பல ஊர்ல நிலம் அம்மாகிட்டேந்து மகளுக்குத்தான் போகுது, கல்யாணம் பண்ண மாப்பிள்ள பொண்ணு ஊருக்கு வந்துடுவாரு. செத்தாலோ பிரிஞ்சாலோ கிளம்ப வேண்டியது அவருதான். கேக்க நல்லாருக்கு, நிலமும் கைல இருக்கு, ஆனா பெரிய முடிவுன்னு வந்தா தாய்மாமன் வந்து உக்காருவாரு. கிராமத்துக்கு யாரு வரலாம், எந்தத் துண்டு யாருக்குங்கறதுல அவரு வார்த்தைக்குத்தான் கனம்.

பெண்களே ஊர்த்தலைவியா இருக்காங்களா?

இருக்காங்க, எண்ணிக்க கம்மி, ஆனா இருக்கறவங்க சும்மா இல்ல. மலாவி டெட்ஸா மாவட்டத்துல பெரிய தலைவியா இருந்த தெரெசா கச்சிண்டமோட்டோ, தன் எல்லைக்குள்ள நடந்த நூத்துக்கணக்கான குழந்தைக் கல்யாணத்த ரத்து பண்ணி பொண்ணுங்கள பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனாங்க. சும்மா வேடிக்க பாத்த சின்னத் தலைவர்கள பதவியிலேந்தே தூக்கிட்டாங்க.

தென்னாப்பிரிக்கா லிம்போபோவுல வலோயி மக்களோட தலைமைப் பதவிக்கு இன்னும் நீளமான கதை. 1968ல தலைவர் செத்தப்போ மூத்த வாரிசு பிலியா ஷிலுபானாங்கற பொண்ணு, பொண்ணுங்கறதாலயே பதவி சித்தப்பாவுக்குப் போச்சு. முப்பது வருஷம் கழிச்சு அரச குடும்பமே உக்காந்து, காலம் மாறிடுச்சு, அரசியல் சாசனம் சமம்னு சொல்லுது, பிலியா ஷிலுபானாவுக்கே திருப்பிக் குடுப்போம்னு முடிவெடுத்தாங்க. சித்தப்பா 2001ல இறந்ததும் அவரு மகன் கோர்ட்டுக்குப் போயிட்டாரு. 2008ல அரசியல் சாசனக் கோர்ட்டு, வழக்கம்னா செத்த விஷயம் இல்ல, அந்த மக்களே அத மாத்திக்கலாம்னு சொல்லி ஷிலுபானா பக்கம் தீர்ப்பு குடுத்துச்சு. வெளியாளு வந்து வழக்கத்த ஒடைக்கிறதுக்கும் ஊர்க்காரங்களே உக்காந்து மாத்துறதுக்கும் வித்தியாசம் உண்டுல்ல. போட்ஸ்வானாவுல பலேட்டே மக்களுக்கு 2003ல மொசாடி செபோக்கோ தலைவியா வந்தாங்க, அந்தப் பதவிக்கு அங்க முதல் பொண்ணு.

ஆளுக்கு ஒரு தனிப் பட்டா போட்டுக் குடுத்துட்டா முடிஞ்சுதே, ஏன் இவ்வளவு சுத்தணும்?

விவசாயம் பண்ற ஊர்ல சரி. மாடு மேய்க்கிற ஊர்ல அது கத்தி மாதிரி. மழை ஒரு வருஷம் இங்க பெய்யும், ஒரு வருஷம் முப்பது மைல் தள்ளிப் பெய்யும், மந்தை போயிட்டு வரணும்னா நிலம் பெருசா ஒண்ணா இருக்கணும். துண்டு போட்டுட்டா முதல்ல கஷ்டம் வந்தவன் வித்துடுவான், அதுவும் பொண்டாட்டிக்குத் தெரியாம. அதனாலதான் தான்சானியாவுல கூட்டுச் சான்று வந்துச்சு, முதல்ல 2011ல யாயிடா பள்ளத்தாக்குல வேட்டையாடி வாழ்ற ஹட்ஸா மக்களுக்கு, அப்புறம் மாசாய் மேய்ச்சல் நிலங்களுக்கும். இந்த வேலைக்காக எட்வர்ட் லோரேங்கற மாசாய்க்காரருக்கு 2016ல கோல்ட்மேன் சுற்றுச்சூழல் விருது கெடச்சுது. கூட்டுச் சான்றுல பொம்பளைங்க பேரு எங்க வருதுன்னு கேப்பீங்க, அங்கதான் அந்த மன்றத்துப் பொம்பளைங்க நிர்வாகக் குழுவுல உக்காரணும்னு சண்ட போடுறாங்க.

அதோட ஊரு நிலமே போயிட்டா எந்தப் பங்கு? லோலியோண்டோவுல 2013 மார்ச்ல 1,500 சதுர கிலோமீட்டர வனவிலங்குப் பாதைன்னு எடுக்கப்போறோம்னு அமைச்சர் அறிவிச்சாரு. அப்போ ஊர் ஊரா கூடி உக்காந்து எதிர்த்ததுல பெண்கள் முன்னாடி நின்னாங்க, 2010லயே ஆளுங்கட்சியான சிசிஎம்மோட உறுப்பினர் கார்டத் திருப்பிக் குடுக்க நடந்துபோனவங்க அவங்க. செப்டம்பர்ல பிரதமர் பிண்டா நேர்ல வந்து திட்டம் ரத்துன்னு சொன்னாரு. அப்புறம் 2022 ஜூன்ல அதே 1,500க்கு போலீஸோட வந்து எல்லைக்கல் நட்டாங்க, மோதல்ல ஒரு போலீஸ்காரர் செத்தாரு, மாசாய் மக்கள் நிறையப் பேருக்குக் காயம், பல பேர் எல்ல தாண்டி கென்யாவுக்குப் போனாங்க. அப்போ ஜனாதிபதி சாமியா சுலுஹு ஹசன், நாட்டோட முதல் பெண் ஜனாதிபதி. மேல ஒரு பொண்ணு உக்காந்தா கீழ எல்லாம் தானா சரியாயிடும்னு நினைக்கிறவங்க இந்த வருஷத்த ஒரு தடவ படிச்சுப் பாக்கலாம்.

நிலம் கேட்டு பொண்ணுங்க கிளிமஞ்சாரோ மல ஏறுனாங்கன்னு கேள்விப்பட்டேனே?

ஆமா, 2016 அக்டோபர்ல 20 நாட்டுக்கு மேலேந்து கிராமத்துப் பெண்கள் தான்சானியாவோட அருஷா ஊர்ல கூடி நிலத்துக்கான கோரிக்கைகள எழுதுனாங்க, அதுல ஒரு குழு மலை ஏறிச்சு. ஆப்பிரிக்க நாடுகள் 2003ல மபுட்டோவுல போட்ட ஒப்பந்தத்துலயே விதவைக்கு புருஷன் சொத்துல நியாயமான பங்கு, குடியிருந்த வீட்டுல தொடர்ந்து இருக்கற உரிமை எல்லாம் எழுதி இருக்கு. எழுதுனத செய்யுங்கன்னு கேக்கத்தான் மலை.

கிராமத்துல நில வழக்கு வந்தா யார் பாப்பாங்க, அதுல பெண்கள் உண்டா?

கோர்ட்டுக்கு முன்னாடி கிராம நில மன்றம்னு ஒண்ணு இருக்கு, பஞ்சாயத்து பேசி சமாதானம் பண்றதுதான் வேலை. 7 பேரு, அதுல 3 பெண்கள். இங்க ஒரு சின்ன விஷயத்த சட்டம் எழுதுனவங்க யோசிச்சு வெச்சிருக்காங்க, கோரம், அதாவது கூட்டம் நடக்கக் கம்மியா இருக்க வேண்டியது, 4 பேரு, அந்த 4ல 2 பேராவது பெண்களா இருக்கணும். ஆம்பளைங்க நாலு பேரும் நேரத்துக்கு வந்து ஸ்டூலப் போட்டு உக்காந்துட்டாலும் கூட்டம் ஆரம்பிக்க முடியாது, தண்ணி எடுக்கப் போனவங்க வர்ற வரைக்கும் காத்துக்கிட்டுத்தான் இருக்கணும்.